கூடாரத்துக்குள் குளிர் எங்கிருந்து வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, பிள்ளைகளுடன் குளிரான இடத்தில் கூடாரமிட்டுத் தங்குவதைப் பற்றியும், கேம்பர்வேனையே வீடாக்கிக்கொண்டு பயணம் போவதைப் பற்றியும் கேட்டிருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து வயதும் எட்டு வயதும் ஆகின்றன. கேமரன் மலையில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்க ஆசைப்படுகிறார்கள். பனி விழாத நாட்டில் குளிர் உடைக்கு எதற்குச் செலவு என்று என் கணவர் கேட்கிறார். வீட்டிலிருக்கும் ஸ்வெட்டர் போதாதா?
— ஒரு தாய், செராஸ், கோலாலம்பூர்

பதில்: முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கோலாலம்பூரில் இரவு 24 பாகை இருக்கும்போது அங்கே 15 அல்லது 16 பாகைதான் இருக்கும். நம் நாட்டில் வானிலை நிலையமொன்றில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில்தான் பதிவானது. 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள் அங்கே 7.8 பாகை வரை இறங்கியது. வழக்கமான 15 பாகையில் உலர்ந்த உடையோடு இருக்கும் குழந்தைக்கு ஒன்றும் நேராது. அதே குழந்தை நனைந்துபோய்க் காற்றில் நின்றால் நிலைமை வேறு. காற்றைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டைக் கடத்திச் சென்றுவிடும் என்பதால், மலைக்குப் போகும் பெற்றோர் குளிரைவிட ஈரத்துக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

இதை நான் அனுபவப்பட்டே தெரிந்துகொண்டேன். பிள்ளைகளோடு முதன்முறை கேமரன் மலையில் பிரிஞ்சாங் பக்கம் கூடாரமிட்ட அன்று, மாலை நான்கு மணிக்குத் தூறல் தொடங்கியது. பெரிய மழையாக இல்லாததால் விளையாடட்டும் என்று விட்டுவிட்டோம். இளையவன் பருத்திச் சட்டையும் ஜீன்சும் அணிந்து, மேலே ஒரு தடித்த பருத்தி ஸ்வெட்டர் போட்டிருந்தான். ஏழு மணிக்கு மெகி மீயைக் கோப்பையில் ஊற்றி நீட்டியபோது அவன் கையை நீட்டவில்லை. சூடான மெகிக்கு அண்ணனோடு சண்டை போடுகிற பிள்ளை, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தான். பிடரியில் கை வைத்துப் பார்த்தேன். சட்டைக் கழுத்து ஈரமாக இருந்தது, தோல் சில்லென்றிருந்தது. உடனே எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, உலர்ந்த துணி போட்டு, என் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு மைலோ கொடுத்த பிறகு, அரை மணி நேரம் கழித்துத்தான் அவன் பேசினான். குளிரத் தொடங்கிய பிள்ளை “எனக்குக் குளிர்கிறது” என்று வந்து சொல்லும் என எதிர்பார்க்காதீர்கள். விளையாட்டை நிறுத்திவிட்டு ஒதுங்கி உட்காரும், எரிச்சல்படும், கால் தடுமாறும். குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம் என்பதால், நமக்கு முன்பே அவர்கள் சூட்டை இழந்துவிடுகிறார்கள். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரநிலை. நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை, சூடேறாமலேயே நடுக்கம் நின்று தூங்கி வழிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999ஐ அழைத்து உதவி கேளுங்கள். உதவி வரும் வரை கைகால்களைத் தேய்க்காமல், நெஞ்சையும் வயிற்றையும் உலர்ந்த துணியாலும் உங்கள் உடல் சூட்டாலும் கதகதப்பாக வைத்திருங்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பெரிய செலவு வேண்டியதில்லை. பருத்தி நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், உடலோடு ஒட்டும் சட்டையாகப் பருத்தி வேண்டாம். பிள்ளைகள் பள்ளி விளையாட்டுக்குப் போடும் பாலியெஸ்டர் ஜெர்சி வீட்டில் இருக்குமே, அது போதும். அதன் மேல் ஃப்ளீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேல் மழை அங்கி. அங்கியோடு மழைக்கால்சட்டையும் இருந்தால்தான், ஈரப் புல்லில் உட்கார்ந்து எழும் பிள்ளையின் தொடையும் பின்புறமும் உலர்ந்திருக்கும். ஜீன்சை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காலுறைகளை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தூங்குவதற்கென்று ஒரு முழு மாற்று உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, படுக்கும் நேரம் வரை எந்தக் காரணத்துக்காகவும் அதை எடுக்காதீர்கள். செலவு செய்ய மனமிருந்தால் அந்தப் பணத்தை அடுத்த பதிலில் சொல்லப்போகும் பொருளில் போடுங்கள்.

கேள்வி: கேமரன் மலையில் காற்று மெத்தை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைத்து, மூன்று போர்வை போர்த்திவிட்டோம். ஆனாலும் விடிய விடிய நடுங்கினார்கள். காலையில் பார்த்தால் கூடாரத்தின் உள்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. கூடாரம் ஒழுகுகிறதா?
— ஒரு தந்தை, பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: கூடாரத்தைக் குறை சொல்ல வேண்டாம் என்றே நினைக்கிறேன். உங்கள் பிள்ளைகளைக் குளிர வைத்தது மெத்தை. காற்றடைத்த சாதாரண மெத்தைக்குள் இருக்கும் காற்று ஓரிடத்தில் நிற்பதில்லை. பிள்ளை புரளும்போதெல்லாம் அது உள்ளே சுழன்று, மேலே உள்ள சூட்டைக் கொண்டுபோய்த் தரையில் சேர்க்கிறது. மேலே மூன்று போர்வை போர்த்தினாலும் அடியில் தடுப்பு இல்லாவிட்டால் பயனில்லை. முதுகுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும் போர்வைக்குள் காற்று தங்காது. காற்று தங்காத துணி குளிரைத் தடுக்காது. ஆகவே செலவு செய்வதானால் தரை விரிப்புக்குச் செலவு செய்யுங்கள். முகாம் பொருள்கள் விற்கும் கடைகளில் விரிப்பின் உறையில் ஆர் மதிப்பு என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது தரைக்குப் போகும் சூட்டை எந்த அளவு தடுக்கிறது என்பதைக் காட்டும். எண் பெரிதாக இருந்தால் தடுப்பும் அதிகம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு விரிப்பு போட்டால் இரண்டின் மதிப்பும் கூடும். அதனால் புதிது வாங்க முடியாதவர்கள், சின்னப் பிள்ளைகள் விளையாடக் கூடத்தில் கோத்துப் போடும் தடித்த நுரைப்பலகைகளைக் கழற்றி எடுத்துப்போய், உங்களிடம் இருக்கும் மெத்தைக்கு மேலேயே விரிக்கலாம். நாங்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் சமாளித்தோம்.

உள்ளே நுழைந்து படுக்கும் ஸ்லீப்பிங் பேக் எனும் படுக்கைப் பையை வாங்கினால் அதில் இரண்டு வெப்பநிலைகள் குறிக்கப்பட்டிருக்கலாம். சுகமாகத் தூங்கக்கூடிய அளவைப் பாருங்கள். தாங்கக்கூடிய எல்லை என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். அந்த இரண்டு எண்களும் பெரியவர்களை வைத்துக் கணக்கிட்டவை என்பதால் பிள்ளைகளுக்குச் சில பாகை கூடுதலாகவே விட்டுப் பாருங்கள். பெரியவர்களின் பையில் சிறுபிள்ளையைப் படுக்க வைத்தால் காலுக்குக் கீழே கிடக்கும் வெற்றிடத்தையும் அந்தச் சிறு உடலே சூடாக்க வேண்டியிருக்கும். பையின் அடிப்பகுதியை மடித்துக் கயிற்றால் கட்டிவிட்டால் அந்தச் சிரமம் இல்லை.

கூடாரத்தின் உள்ளே இருந்த ஈரம் உங்கள் நான்கு பேரின் மூச்சு. குளிர்கிறதே என்று காற்றுத் துளைகளையும் கதவையும் இறுக்கமாக மூடியிருப்பீர்கள். மூச்சில் வரும் ஆவி குளிர்ந்த துணியில் பட்டு நீராகி, விடியற்காலையில் போர்வை மேல் சொட்டியிருக்கும். மேல்பக்கத் துளைகளைத் திறந்தே வையுங்கள். கொஞ்சம் காற்று வந்தாலும் உலர்ந்த படுக்கைதான் கதகதப்பு. படுக்கும் முன் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். மிளகு ரசம் ஊற்றிய சோறு இரண்டு கவளம் போதும். சிறுநீர் கழிக்க வைத்துப் படுக்க வையுங்கள். நடுஇரவில் அடக்கிக்கொண்டு கிடக்கும் பிள்ளைக்குத் தூக்கமும் வராது, அவசரத்தில் படுக்கையும் நனையும்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையையும் கூடாரத்துக்குக் கொண்டுபோகலாமா?
— ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: என் கருத்தில், இப்போது வேண்டாம். கைக்குழந்தைக்குச் சரியாக நடுங்கக்கூடத் தெரியாது. குளிர்வது வெளியே தெரியாமலேயே சோர்ந்துவிடும். போர்வையைக் கூட்டினால் மூச்சுத் திணறும் ஆபத்து இருக்கிறது. பெரியவர்களின் ஸ்லீப்பிங் பேக்குக்குள் அணைத்துக்கொண்டு தூங்குவதும், தூங்கும் குழந்தைக்குத் தொப்பி போடுவதும் பாதுகாப்பானவை அல்ல. தானா ராத்தாவில் ஓர் அறை எடுத்துக் குழந்தையோடு ஒருவர் தங்கிக்கொண்டு, மூத்த பிள்ளைகளோடு மற்றவர் கூடாரத்தில் படுக்கலாம்.

கேள்வி: இரவில் சமைத்த கரி அடுப்பின் தணலை வீணாக்காமல் கூடாரத்தின் வாசலுக்குள் சற்று நேரம் வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்குக் கதகதப்பாக இருக்குமே? புகை வராத கரிதான் வாங்குகிறோம்.
— செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள், ஐந்து நிமிடம்கூட வேண்டாம். புகை இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று ஆகாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தச் சிவப்பணுவில் பிராணவாயு அமர வேண்டிய இடத்தை, அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பைவிட, சாம்பல் பூத்து அடங்கிக்கொண்டிருக்கும் தணல்தான் இதில் அதிக ஆபத்து. தலைவலி, மயக்கம், வாந்தி உணர்வு என்று தொடங்கும். மலைப்பாதை வளைவுகளால் வந்த தலைச்சுற்றல் என்று நினைத்துப் படுத்துவிட்டால் எழுந்திருக்க முடியாமல் போகும். ஒரே கூடாரத்தில் இருப்பவர்களில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் முதலில் எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள், காரணத்தைப் பிறகு பார்க்கலாம். கேஸ் அடுப்பையும் உள்ளே கொளுத்தக் கூடாது. காரின் எஞ்சினை ஓடவிட்டு அதற்குள் தூங்குவதும் இதே ஆபத்துதான்.

தணலை வீணாக்க மனமில்லை என்றால் அதில் தண்ணீரைச் சுட வைத்து வெந்நீர்ப் பையில் ஊற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாகப் பிடித்துக் கசிகிறதா என்று பார்த்து, துணியில் சுற்றிப் படுக்கையின் கால்மாட்டில் வைத்துவிடுங்கள். பிள்ளை படுக்கும்போது பையை எடுத்துவிட்டாலும் படுக்கை சூடாக இருக்கும்.

கேள்வி: ஆண்டு இறுதி விடுமுறையில்தான் எங்களுக்கு நேரம் கிடைக்கிறது. மலையடிவாரத்தில் ஓடையோரம் அழகான முகாம் இடம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். டிசம்பரில் போகலாமா?
— பத்துமலை

பதில்: 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில், கெந்திங் மலைக்குப் போகும் வழியில் பத்தாங் காலியில் நடந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாள்கணக்கில் பெய்த மழையில் ஊறியிருந்த சரிவு, கீழே கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்து விழுந்தது. பிள்ளைகளையும் சேர்த்து 31 பேர் மாண்டார்கள். அவர்களும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு மலைக்காற்றைக் காட்டப் போன குடும்பங்கள்தான். ஆகவே இந்தக் கேள்விக்கு நயமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை: நீங்கள் சொல்லும் இடத்தில், அந்த மாதத்தில் கூடாரமிடாதீர்கள்.

மேலே வெட்டப்பட்ட சரிவோ, பெரிய மண்மேடோ, சாலையோ இருந்தால் கீழே படுக்கக் கூடாது. ஓடையோரமும் ஆகாது, நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்த மழை திடீரென்று பெருகிவரும். அதைத்தான் இங்கே கெப்பாலா ஆயர் என்கிறோம். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஓசை மாறினாலோ பொருள்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். முகாம் இடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று ஊராட்சி மன்றத்தில் கேட்கலாம். காட்டு நிலமாக இருந்தால் வன இலாகாவிடம் அனுமதி வாங்க வேண்டும். நாலைந்து நாள் விடாமல் மழை பெய்திருந்தால், கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிவையுங்கள். கேமரன் மலையில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைந்து குளிர் கூடுதலாக இருக்கும். பிள்ளைகள் கேட்கும் குளிர் அப்போதுதான் சரியாகக் கிடைக்கும்.

கேள்வி: ஜூன் மாதம் நியூசிலாந்தின் தென்தீவில் கேம்பர்வேன் எடுத்து, இரண்டு பிள்ளைகளோடு பத்து நாள் சுற்றப்போகிறோம். அங்கே வேனில் தங்குபவர்களுக்குப் பல வழக்கங்கள் உண்டு, தெரியாமல் போனால் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நண்பர் பயமுறுத்துகிறார். என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
— பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. அந்த வழக்கங்கள் எல்லாமே, சுவர் இல்லாத வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒருவர் மற்றவருக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டவை. நம் ஊரைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுவார்கள். இங்கே சாலைப் போக்குவரத்து இலாகாவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். ஏழு வயது நிறையாத பிள்ளைக்குக் குழந்தை இருக்கை சட்டப்படி கட்டாயம் என்பதால், நீங்கள் எடுக்கும் வேனில் அதைப் பொருத்த இடம் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். ஓடும் வேனில் பிள்ளைகள் பின்னால் கட்டிலில் படுத்து வரக் கூடாது. பின்னால் வாகனங்கள் வரிசை கட்டினால் பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்கி வழிவிடுங்கள். எதிரே வரும் வேன்காரர் கையை உயர்த்தினால் நீங்களும் உயர்த்துங்கள்.

ஜூன் அங்கே குளிர்காலத் தொடக்கம். மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். நான்கு மணிக்குள் முகாமை அடைந்துவிடுவது நல்லது. இருட்டிய பிறகு வந்து, விளக்கைப் பிறர் சன்னல் மேல் அடித்துக்கொண்டு வேனை முன்னும் பின்னும் நகர்த்துவதை யாரும் விரும்ப மாட்டார்கள். காலையிலும் அவசரப்பட்டுப் புறப்பட வேண்டாம். நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் தார்ச்சாலை மேல் படிந்திருக்கும், வெயில் ஏறினால்தான் அது உருகும். டெக்காப்போ ஏரிப் பக்கம் குளிர்கால இரவுகளில் உறைநிலைக்குக் கீழே இறங்குவது சாதாரணம். அதனால் பிள்ளைகள் இருக்கும்போது மின் இணைப்பு உள்ள இடத்தையே எடுங்கள்; இரவெல்லாம் ஹீட்டர் ஓட அதுதான் வழி. சமையல் அடுப்பைக் கொளுத்தி வேனைச் சூடாக்கும் எண்ணமே வேண்டாம், கரி அடுப்புக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும். தண்ணீர்க் குழாயை வெளியே இணைத்திருந்தால் படுக்கும் முன் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விடிவதற்குள் உறைந்துவிடும். நாம் இங்கே பயன்படுத்தும் சிறிய கேஸ் குப்பிகளில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது உறைநிலையை ஒட்டிய குளிரில் ஆவியாகாது, அடுப்பு எரியாது. வெளியே சமைக்கத் தனி அடுப்பு வாங்கினால் புரொப்பேன் கலந்த குப்பியாகக் கேளுங்கள்.

கழிவுநீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே உள்ளூர்க்காரர்கள் மிகக் கவனமாகப் பார்ப்பது இதைத்தான். பாத்திரம் கழுவிய நீர் ஒரு தொட்டியிலும், கழிப்பறைக் கழிவு வேறொரு பெட்டியிலும் சேரும். இரண்டையும் டம்ப் ஸ்டேஷன் என்று பலகை வைத்திருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். சாதம் வடித்த கஞ்சியாக இருந்தாலும் புல்லில் ஊற்றக் கூடாது. முகாமல்லாத பொது இடங்களில் இரவு தங்குவதற்கு, நிலையாகப் பொருத்திய கழிப்பறையுடன் சான்றிதழ் பெற்ற வேனாக இருக்க வேண்டும் என்று 2023இல் சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகியவர்கள். வேனின் கழிவுப் பெட்டியோ இருபது லிட்டர் அளவுதான் பிடிக்கும். நான்கு பேர் வீட்டில் செய்வதுபோலவே செய்தால் ஒரே நாளில் நிரம்பிவிடும். முகாமின் பொதுக் கழிப்பறையைப் பகலிலும், வேனில் உள்ளதை இரவில் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது.

பெரும்பாலான முகாம்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஓசை கூடாது. வேனின் இழுவைக் கதவைத் திறந்து மூடும் சத்தம் அந்த அமைதியில் வெகுதூரம் கேட்கும் என்பதால், பல் விளக்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே தடவையில் போய் வந்துவிடுங்கள். அடுத்தவர் வேனுக்கும் அவர் மேசைக்கும் நடுவே உள்ள இடம் அவருடைய கூடம். குறுக்குவழி என்று அதன் வழியே ஓட வேண்டாம் எனப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். தாளிப்பதும் மீன் பொரிப்பதும் பொதுச் சமையலறையில் வைத்துக்கொண்டால், மெத்தையில் ஏறும் வாசனையோடு பத்து நாள் தூங்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒருவர் வேனை ஒருமுறை சுற்றி நடந்து, மின்கம்பி கழற்றப்பட்டதா, கேஸ் மூடப்பட்டதா, படி உள்ளே இழுக்கப்பட்டதா, கூரைச் சன்னல் தாழிடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையை எட்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், ஒன்றையும் விட மாட்டார்கள். நீங்கள் கூடவே நடந்தால் போதும்.

கேள்வி: அதே பயணத்துக்கு வீட்டு மிளகாய்த் தூள், கறிவேப்பிலை, ஊறுகாய், எங்கள் பழைய கூடாரம் எல்லாம் எடுத்துப் போகலாமா?
— அதே வாசகர்

பதில்: கறிவேப்பிலை, பழம், தேன், விதைகள் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தூள் வகைகளைக் கடையில் அடைத்து விற்கும் பொட்டலமாக, பெயர் அச்சிட்டதாக வாங்கிப் போவது நல்லது. கூடாரத்தின் ஆணிகளிலும் காலணிகளின் அடியிலும் கேமரன் மலை மண் ஒட்டியிருந்தால் தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பயணப் படிவத்தில் உணவு, முகாம் பொருள் இரண்டுக்கும் ஆம் என்று குறியுங்கள். குறித்தவர்களிடம் அதிகாரிகள் பொருளைப் பார்த்துவிட்டு, கூடாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். குறிக்காமல் போய்ப் பையில் ஓர் ஆப்பிள் இருந்தாலும் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். விமானத்தில் கொடுக்கும் பழத்தைப் பிள்ளைகள் பைக்குள் போட்டு மறந்துவிடுவார்கள், இறங்கும் முன் அவர்கள் பைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.